போகும் வழிக்கு மட்டும் பெற்றோல்

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமைத் தபாலில் வந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய். "ரயில்ல போனா உங்கள உக்குவளை ஸ்டேஷன்லயே விட்டுட்டுப் போகணும். கார்ல போனா கடல் வரைக்கும் நீங்க கூட இருப்பீங்க. தலைமன்னார் வரைக்கும் கொண்டுவந்து விடுவீங்களாப்பா?" என்று, எதிரில் நின்று பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாய். வருகிறேன் அல்லது வரவில்லை என்று ஒரு தபால் அட்டையில் பதில் எழுதி அன்றைக்கே போட்டிருக்கலாம். நான் போடவில்லை. ரத்தோட்டைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கட்டி முடித்த பெட்டிகளுக்கு நடுவில், நீயும் கமலாவும் தினமும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வாரம் போய்விட்டது. என்னால் எதையும் கணக்குப் போடாமல் சொல்ல முடியாது என்பது உனக்குப் பழக்கம். இந்த முறை கணக்கைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நீளமான கடிதம்.

நமக்குள் இந்தப் பிரிவு எப்படி வந்தது என்று நான் திரும்ப எழுதப் போவதில்லை. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என்பதால் என்னை இந்த நாட்டின் பிரஜையாகப் பதிந்தார்கள். நீ வளர்ந்த பிறகு உன்னைத் தனியாக மனுப்போடச் சொன்னார்கள், போட்டாய், மறுத்தார்கள். கமலாவின் குடும்பம் முழுவதும் இந்தியாவுக்குப் போக மனு எழுதியது. நீங்களும் எழுதினீர்கள். இப்போது உங்கள் நான்கு பேருக்கும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட், எனக்கு இந்த நாட்டுத் தாள். கப்பலுக்கு நாள் வந்துவிட்டது. இதில் கூட்டிக் கழிக்க ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ, என் மனம் கூட்டிக் கழிக்கக்கூடிய ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கார் ஒரு கலன் பெற்றோலுக்கு எத்தனை மைல் போகும் என்பது.

உக்குவளை வீட்டிலிருந்து கப்பல் நிற்கும் தலைமன்னார்ப் பாலம் வரை நூற்றைம்பது மைலுக்குச் சற்று மேல். தம்புள்ளை வரை இறக்கமும் ஏற்றமுமாக இருக்கும், அதற்குப் பிறகு மட்டமான பாதை. அநுராதபுரம், மதவாச்சி, பிறகு மன்னார்க் காடு, கடைசியில் கடலுக்கு நடுவே போகிற அந்தத் தரைப்பாலம். டாங்கியில் ஆறு கலன் கொள்ளும். கலனுக்கு நாற்பது மைல் என்று காருடன் வந்த புத்தகம் சொல்கிறது. அந்த நாற்பதை நம்பினால் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பாதி வழி வந்துவிடலாம், மீதிக்கு வழியில் ஒரு பெற்றோல் ஷெட்டில் ஊற்றிக்கொள்ளலாம். அந்த நாற்பதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது உனக்குத் தெரியும்.

அந்தப் புத்தகத்தை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துச் சின்னத்துரையிடம் நான் காரை வாங்கியபோது, சாவியோடு அதையும் கொடுத்தார். அட்டையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், பச்சைப் புல்வெளி, பெட்டி எதுவும் இல்லாத கார். நீ அப்போது ஏழு வயதுப் பையன். அந்தப் படத்தில் உள்ள நாய்க்கு ஒரு பெயரே வைத்திருந்தாய். அப்போது நாம் இருந்த எல்கடுவைத் தோட்டத்திலிருந்து முதல் தடவை உக்குவளைக்கு இறங்கி, சந்தைச் சாமானை ஏற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறினோம். அந்த வாரக் கடைசியில் நான் கணக்குப் பார்த்தால் கலனுக்கு இருபத்திநான்குதான் வந்தது. காரில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று நினைத்து, சாக்கை விரித்து அடியில் படுத்துத் தேடினேன். உன் அம்மா வாசலில் நின்று, "புத்தகத்துல கொண்ட ஊசி வளைவு போட்டிருக்கானா? மூட்ட அரிசி போட்டிருக்கானா? நான் உக்காந்திருக்கேனே, என்னையப் போட்டிருக்கானா? எந்திரிச்சு வாங்க, சட்டையெல்லாம் எண்ணெய்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஆனால் அதை ஒத்துக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது. அச்சடித்த எண் ஒன்று தவறாக இருக்கும் என்று நினைக்க, படித்த எனக்குப் பயமாக இருந்தது. தவறு என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நான் உங்களையெல்லாம் படுத்திய பாடு எனக்கு மறக்கவில்லை. டாங்கியைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும், அப்போதுதான் அளவு சரியாக இருக்கும் என்று எங்கோ படித்தேன். நிரப்பும்போது உள்ளே காற்று நின்றுவிடுமாம், காரை ஆட்டினால்தான் வெளியே வருமாம். ஆகவே ஷெட்டுக்குப் போனால் உன் அம்மா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் நின்று காரைத் தொட்டில் மாதிரி ஆட்டுவீர்கள். நான் குழாய்க்குப் பக்கத்தில் குனிந்து நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பேன். ஷெட்டில் பெற்றோல் ஊற்றுகிற நானா, அந்த முஸ்லிம் அண்ணன், சிரிப்பை அடக்க முடியாமல், "ஐயா, புள்ள தூங்கிட்டுதா?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அப்படியும் ஆட்டுவதை நிறுத்தாமல், "ஒங்கட வாயையும் டாங்கியில ஊத்தி அடைங்க நானா" என்றாள். அதற்கு அவரே கைதட்டிச் சிரித்தார். அந்த நாளிலிருந்து நம் கார் வந்தால் அவர் முதலில் ஒரு பக்கத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் குழாயை எடுப்பார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு எழுதவில்லை தம்பி. அந்த இருபத்திநான்கு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று நீங்கள் சொன்னாலும், நான் முதலில் திரும்பி வருவதைத்தான் கணக்குப் போட்டேன். பாதி டாங்கி முடிந்ததும் வண்டியைத் திருப்ப வேண்டும் என்பது என் சட்டம். திருகோணமலைக்குப் போவோம் என்று கிளம்பிய நாளில், ஹபரணைச் சந்திக்கு முன்னால், யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருக்கிற அந்தக் காட்டுக்குள், மூங்கில் குச்சியை டாங்கிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். திருகோணமலையில் ஷெட் இருக்காதா என்று நீ கேட்டாய். இருக்கும், ஆனால் மூடியிருந்தால் என்ன செய்வது என்றேன். நீ வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா மட்டும், "பரவால்லடா, அப்பாவுக்கு ஒலகம் பாதி டாங்கியோட முடிஞ்சிருது" என்று சொல்லி, கட்டி எடுத்துவந்த புளிச்சோற்றை நாலந்தை ரோட்டோரத்தில் பிரித்துக் கொடுத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் ஒருவேளை திரும்பவும் கிளம்பியிருப்பேன். அவள் என்னை அப்படியே ஏற்றுக்கொண்டாள். அதுதான் எனக்குக் கெடுதலாகப் போனது என்று இப்போது நினைக்கிறேன். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. நினைத்து என்ன செய்ய?

பிறகு உன் கல்யாணம் வந்தது. யட்டவத்தையில் உள்ள கமலாவின் மாமா வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் பாத்திரம் பண்டம் ஏற்றிக்கொண்டு நீயே இரண்டு நாள் காரை ஓட்டினாய். எனக்குக் காய்ச்சல், படுத்திருந்தேன். மூன்றாம் நாள் நீ வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அப்பா, கழுத்து வரைக்கும் நெரப்பி, ஆட்டி, ஒங்க மாதிரியே கணக்குப் பாத்தேன். முப்பத்திமூணு குடுக்குது" என்றாய். நான் நம்பவில்லை. உனக்குக் கணக்கு வராது என்று சொன்னேன். நீ மெதுவாகக் கேட்டாய். "சோக்க முழுசா உள்ள தள்ளாமலா இத்தன வருஷம் ஓட்டினீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். காலையில் குளிரில் இஞ்சினைக் கிளப்ப இழுக்கிற அந்தச் சோக் குமிழை, இஞ்சின் சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். இழுத்தபடி ஓட்டினால் பெற்றோல் தேவைக்கு மேல் இறங்கிக்கொண்டே இருக்கும், புகை கறுப்பாக வரும். புத்தகத்திலும் அது இருக்கிறது. படித்திருக்கிறேன். ஆனால் எல்கடுவை வளைவு ஒன்றில் முதல் மாதமே இஞ்சின் நின்று, வண்டி பின்னால் உருண்டது. பின் சீட்டில் நீயும் அம்மாவும் இருந்தீர்கள். கைப்பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அந்த நாளிலிருந்து குமிழை ஒரு விரல் அளவு வெளியே விட்டே ஓட்டினேன். இஞ்சின் இனி நிற்காது என்று ஒரு தைரியம். மட்டமான பாதையிலும் அப்படியே. மூன்றாம் கியரில் போக வேண்டிய இடத்தில் இரண்டாம் கியர், இறக்கத்தில் காலைப் பிரேக்கிலிருந்து எடுப்பதே இல்லை. அத்தனை வருடமும் கார் இவ்வளவுதான் போகும், இவ்வளவுதான் போகும் என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது காரின் அளவு இல்லை. என் பயத்தின் அளவு. நீ வேலைக்குத் திரும்பிய பிறகு குமிழை உள்ளே தள்ளி நானே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். இருபத்தொன்பது வந்தது. மறுநாள் மழை பெய்தது, திரும்பவும் ஒரு விரல் வெளியே இழுத்துக்கொண்டேன். தெரிந்துகொண்டதால் ஒரு மனிதன் மாறிவிடுவான் என்று யாராவது உன்னிடம் சொன்னால் என்னை நினைத்துக்கொள்.

இதை ஏன் உனக்கு இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், போன தடவை நீ வந்தபோது ஒரு சிறிய புத்தகத்தைக் காட்டினாய். அங்கே போனால் தருவார்கள் என்று வீடு, கடன், தொழில் எல்லாம் அதில் போட்டிருந்தது. கமலா உற்சாகமாக, "தையல் மிசின் வாங்க கடன் குடுப்பாங்களாம் மாமா" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியபோது எனக்குக் காரின் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. அதை எழுதியவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. காரின் புத்தகத்தை எழுதியவனும் பொய் எழுதவில்லை. எங்கேயோ, மட்டமான பாதையில், காற்றில்லாத நாளில், ஒருவனை மட்டும் வைத்து ஓட்டி அளந்திருப்பான். ஏற்றம் உன்னுடையது, சுமை உன்னுடையது, அதை அவன் அளக்க முடியாது. அங்கே எதைச் சொன்னாலும், எந்த மேசையில் எந்தத் தாளை நீட்டினாலும், உன் சுமையோடு ஒரு தடவை அளந்து பார். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைச் சேர்த்து, மழைக்காலத்தைச் சேர்த்து, உன் பேச்சைக் கேட்டுச் 'சிலோன்காரன்' என்று சிரிக்கப் போகிறவர்களையும் சேர்த்து அளந்து பார். நாற்பது என்று எழுதியிருந்தால் இருபத்திநான்கு என்று வைத்துக்கொள். தைரியமாக இரு என்றுதான் மற்ற அப்பாக்கள் எழுதுவார்கள். எனக்கு அதை எழுதத் தெரியவில்லை. போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாலும் போதாது என்றே வருகிறது.

அதே நேரத்தில் என் கணக்கை நம்பியும் வாழ்ந்துவிடாதே. அதையும் சொல்ல வேண்டும். நான் இரண்டு பக்கமும் தவறினவன். முதலில் அடுத்தவன் எண்ணை நம்பினேன். பிறகு என் பயம் போட்ட எண்ணை நம்பி, அதுதான் உண்மை என்று வீட்டையே அதற்குள் அடைத்தேன். கலனுக்கு முப்பத்திமூன்று போகிற காரை வைத்துக்கொண்டு உன் அம்மா கடலைப் பார்க்காமல் போனாள். நீ என்னைப் போல ஓட்டாதவன். அது ஒன்றுதான் இந்த ஒரு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், அதையும் நான் பெரிதாக நம்பவில்லை.

இப்போது தட்டுப்பாடு, ஷெட்டில் கேட்ட அளவு ஊற்றுவதில்லை. ஒரு தடவைக்கு இரண்டு கலன்தான், அதுவும் பெற்றோல் வந்த நாளில். போத்தலிலோ தகரத்திலோ ஊற்றித் தர மாட்டார்கள். தந்தாலும் பிள்ளைகள் இருக்கும் காருக்குள் பெற்றோல் தகரத்தை வைக்க எனக்குத் தைரியமில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து கார் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் மட்டும்தான் ஓடியிருக்கிறது. மூன்றாம் தடவை போனபோது நானா குழாயைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "என்னய்யா, ரேசுக்குப் போறீங்களா? முந்தாநாள்தானே ஊத்தினீங்க."

"மகன் போறான் நானா. தலைமன்னாருக்கு."

அவருக்கு விளங்கிவிட்டது. உக்குவளையில் இப்போது தலைமன்னார் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மீட்டரைப் பார்த்தார். "போறதுக்கு இது காணும். வாறதுக்கு?" என்றார்.

"அதத்தான் யோசிக்கிறேன்."

"யோசிங்க, யோசிங்க. கப்பல் ஒங்களுக்காகக் கரையில நிக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். இரண்டு கலனுக்கு முள் வந்த பிறகும் குழாயை எடுக்காமல், அதன் கைப்பிடியை இன்னொரு தடவை அழுத்திவிட்டு, காரின் பக்கத்தில் வந்து நின்று, ஒரு ஆட்டு ஆட்டினார்.

டாங்கி நிரம்பியிருக்கிறது. நீ ஓட்டினால், ஐந்து பேரும் மேலே டிரங்குப் பெட்டியும் என்று வைத்தால், மன்னார்க் காற்று பெட்டியில் மோதும் என்றும் வைத்தால், முப்பதுக்குக் குறையாது. போய்ச் சேரலாம். சேரும்போது அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதோடு திரும்ப முடியாது. கணக்கு இவ்வளவுதான். இதைச் சாக்காக வைத்து, பெற்றோல் இல்லை தம்பி, ரயிலிலேயே போங்கள் என்று உனக்கு எழுத ஒரு தாளை எடுத்தேன். எழுதவும் செய்தேன். நீ அதை ஏற்றுக்கொண்டிருப்பாய். அம்மாவைப் போல நீயும் என்னை ஏற்றுக்கொள்கிறவன். ஸ்டேஷனில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது நானும் அழுதுவிட்டு, பத்து நிமிடத்தில் வீட்டுக்கு நடந்து வந்திருக்கலாம்.

ஆனால் திரும்பும் வழிக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடும்போதுதான் என் கை நின்றது. திரும்பும்போது காரில் சுமை இல்லை. பெட்டி இல்லை, பின் சீட்டில் யாரும் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. தலைமன்னாரிலிருந்து தம்புள்ளை வரை மட்டமான பாதை. ஒரே ஒரு ஆள். நான் எவ்வளவு பயந்து ஓட்டினாலும் அந்தக் கார் அன்றைக்குத்தான் அதிகமான மைல் ஓடும். எத்தனையோ வருடம் ஷெட்டில் ஆட்டி ஆட்டி நான் தேடிய எண் அன்றைக்கு வந்துவிடும். அதை எழுதிப் பார்த்தேன், தம்பி. எழுதிவிட்டு அதற்கு மேல் அந்த மேசையில் உட்கார முடியவில்லை. நான் பயந்தது பெற்றோலுக்கு இல்லை. இஞ்சின் நின்றுவிடும் என்றும் இல்லை. அந்த லேசான காரை நான் ஒருத்தனே ஓட்டி வர வேண்டுமே, அதற்குத்தான். அது தெரிந்த பிறகு உன்னிடம் பெற்றோலைச் சொல்லி மறுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

அதனால் வருகிறேன். கப்பலுக்கு முதல் நாளே நான்கு பேரும் ரத்தோட்டை பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி இங்கே வந்துவிடுங்கள். அந்த ஏற்றத்தில் வந்து உங்களை ஏற்றினால் ஒரு கலன் வீணாகும். அம்மிக்கல்லை ஏற்ற வேண்டாம் என்று கமலாவிடம் சொல். அவள் கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல். நீதான் ஓட்ட வேண்டும். நான் முன்னால் உட்கார்ந்து சின்னவனை மடியில் வைத்துக்கொள்கிறேன். வழியில் டாங்கியைக் குச்சி விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். கேட்டால் நிறுத்தாதே.

வாறதுக்கு என்ன செய்வீர்கள் என்று நீயும் கேட்பாய். மன்னாரில் ஒரு ஷெட் இருக்கிறது. மிஞ்சிய பெற்றோலில் அங்கே வரை வந்துவிடுவேன். வரிசையில் நிற்பேன். இன்றைக்கு இல்லை, நாளைக்கு வா என்றால் நாளைக்கும் நிற்பேன், அதற்கு மறுநாளும் நிற்பேன். எப்போது வருவீர்கள் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. எனக்கு அவசரம் இல்லை, தம்பி.

அப்பா